பிஹான் பிழையாம், விஹான் திருத்தமாம்!

நீண்ட பதிவு. நேரமுள்ளவர்கள் படிக்கலாம், குழந்தைப் பெயர்ப் பட்டியல் தொகுப்பவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

காசியில் நான் தங்கியுள்ள விடுதியின் உணவுக்கூடத்தில் ரொட்டி சுடும் தோழர் பலியா மாவட்டத்துக்காரர். போஜ்புரி அவருடைய தாய்மொழி. ஆறு வயது மகனுக்கு அவர் வைத்த பெயர் பிஹான். பிறப்புச் சான்றிதழில் அப்படித்தான் இருக்கிறது. சென்ற மாதம் பையனுக்குப் பள்ளியில் அடையாள அட்டை கொடுத்தார்கள். அதில் பெயர் விஹான் என்று இருந்தது. எழுத்துப் பிழையாக இருக்கும் என எண்ணி, ஒரு நாள் கூலியை விட்டுப் பள்ளி அலுவலகத்துக்குப் போனார். எழுத்தர் கைப்பேசியை எடுத்து ஒரு பெயர்த்தளத்தைக் காட்டினாராம். 'பாருங்கள், விஹான்: சமஸ்கிருதம், வைகறை என்று பொருள். பிஹான் என்பது கிராமத்து உச்சரிப்பு. நாங்கள் சரியாகத்தான் எழுதியிருக்கிறோம்.'

அன்றிரவு தட்டை நீட்டியபோது தோழர் என்னிடம் கேட்டார்: 'பய்யா, நீங்கள் மொழி படிப்பவர். என் பிள்ளைக்கு நான் பிழையான பெயரையா வைத்துவிட்டேன்?'

அவர் குரலில் கோபம் இல்லை, வெட்கம் இருந்தது. தன் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து நாள்தோறும் புழங்கும் ஒரு சொல்லைத் தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தோமோ என்கிற வெட்கம். இந்தப் பதிவை எழுதத் தூண்டியது அதுதான். எழுத்தர்மீது எனக்குக் கோபம் குறைவு. அவர் கைக்கு அந்தத் தவறான தகவலைக் கொண்டு சேர்த்த பெயர்த் தொழில்மீதும், அதைக் கண்டும் வாய் திறவாத மொழித்துறையினராகிய நம்மீதும்தான் கோபம் அதிகம்.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தியா முழுவதும் பரவிய ஆண்பிள்ளைப் பெயர்களுள் ஒன்று விஹான். மும்பையிலும் பெங்களூரிலும் சென்னையிலும் மழலையர் பள்ளி வாசலில் நின்று இப்பெயரை உரக்க அழைத்தால் ஒரு தலையாவது திரும்பும். இயற்கையைக் குறிக்கும் பெயர், கூப்பிட எளிது, கடவுள் பெயராக இல்லாததால் புதுமையாகவும் ஒலிக்கிறது. ரோகிணி நட்சத்திரத்துக்கு உரிய எழுத்துகளுள் 'வி' இருப்பதால் சோதிடருக்கும் உடன்பாடு. ஆங்கிலத்தில் இரண்டு 'ஏ' போட்டு எழுதினால் எண்கணிதக்காரருக்கும் உடன்பாடு. இதிலெல்லாம் எனக்கு ஒரு தகராறும் இல்லை. பெற்றோர் விரும்பிய பெயரை வைத்துக்கொள்ளட்டும். ஏறத்தாழ எல்லாப் பெயர்த்தளங்களும் பெயர்நூல்களும் ஒருமுகமாக எழுதும் 'சமஸ்கிருதச் சொல்' என்கிற அந்த ஓர் அடைமொழியோடுதான் என் வழக்கு.

சமஸ்கிருதம் வைகறைக்குச் சொல் இல்லாமல் வறுமைப்பட்ட மொழி அன்று. உஷஸ் இருக்கிறது, ரிக் வேதத்தில் அந்தத் தேவிக்கு மட்டும் ஏறத்தாழ இருபது பாடல்கள் உண்டு. பிரபாதம், விபாதம், பிரத்யூஷம், அருணோதயம் ஆகியவையும் இருக்கின்றன. பிரபாதம் நமக்கு அந்நியமில்லை. மார்கழியில் ஒலிபெருக்கி கட்டிய எந்தத் தெருவுக்கும் சுப்ரபாதம் தெரியும். மலையாளிகள் இன்றும் விபாதம் என்று எழுதுகிறார்கள். இவ்விரு சொற்களுக்கும் வேர் ஒன்றே: ஒளிர்தல் என்னும் பொருளுடைய 'பா'. பாரதம் என்னும் சொல்லின் முதலொலியை நினைவில் கொள்க. பவர்க்கத்தின் நான்காம் எழுத்து அது. 'பிர' சேர்ந்தால் பிரபாதம், 'வி' சேர்ந்தால் விபாதம்.

இனி விஹானை எடுத்துக்கொள்வோம். 'வி' இருக்கிறது. 'பா' எங்கே போயிற்று? அதன் இடத்தில் 'ஹா' வந்து உட்கார்ந்திருக்கிறதே, அது எப்படி வந்தது?

முதலாண்டு மாணவரும் விடை சொல்லக்கூடிய கேள்வி இது. உயிர்களுக்கிடையே வரும் பவர்க்க நான்காம் ஒலி பிராகிருதத்தில் ஹகரமாகத் தேய்ந்துவிடும். சோபா என்பது சோஹா ஆயிற்று. கம்பீரம் என நாம் வழங்கும் சொல்லின் இணைவடிவமாகிய கபீர என்பது கஹிர ஆகி, இன்றைய இந்தியில் ஆழத்தைக் குறிக்கும் கஹ்ரா ஆயிற்று. சௌபாக்கியம் தேய்ந்துதான் வடநாட்டுச் சுமங்கலியின் சுஹாக் பிறந்தது. ஆபீரர் என்னும் பழங்குடிப் பெயர் அஹீர் ஆனதும் இவ்வழியேதான். அதே வழியில் வி-பா என்பது வி-ஹா ஆயிற்று; வைகறைக்குப் பிராகிருதம் தந்த சொல் விஹாண. பின்னர்க் கிழக்கு மொழிகளில் சொல்முதல் வகரம் பகரமாயிற்று. விம்சதி தேய்ந்து இருபதைக் குறிக்கும் பீஸ் ஆனது போல, விவாஹம் பியாஹ் ஆனது போல, வார்த்தை பாத் ஆனது போல, விஹாண என்பது பிஹான் ஆயிற்று.

ஆகவே இப்பெயரின் நடுவில் நிற்கும் ஹகரமே இது சமஸ்கிருதச் சொல் அன்று என்பதற்குக் கண்கூடான சான்று. சமஸ்கிருத வடிவம் வேண்டுவோர் விபாத் என்று பெயரிடலாம். அழகான பெயர்தான். ஏனோ எவரும் வைப்பதில்லை.

அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. விஹான என்பதைச் சமஸ்கிருதச் சொல்லாகவே எடுத்துக்கொண்டு, இலக்கணப்படி பிரித்துப் பொருள் சொல்லுங்கள் பார்க்கலாம். 'ஹா' என்பது விடுதல், துறத்தல் என்னும் பொருளுடைய வேர். மானஹானியில் வரும் ஹானி அதிலிருந்து பிறந்தது. நாம் ஈனம் என்று திட்டும் ஹீனமும் அதிலிருந்துதான். பதஞ்சலியின் யோக சூத்திரம் இரண்டாம் பாதத்தில் ஹான என்னும் சொல்லே வருகிறது. விட்டொழித்தல் என்பது அதன் பொருள். 'வி' முன்னொட்டோடு இவ்வேரைப் பார்க்க வேண்டுமானால் பகவத் கீதை இரண்டாம் அத்தியாயம் 22ஆம் சுலோகத்துக்குப் போகலாம். கந்தலான ஆடையைக் களைந்துவிட்டு என்று சொல்லுமிடத்தில் 'விஹாய' என்று நிற்கிறது. அப்படியானால் தூய சமஸ்கிருதப்படி விஹான் என்பதன் பொருள் கைவிடுதல். ஆசையாய்ப் பெற்ற பிள்ளைக்குக் கைவிடல் என்று பெயரிட எந்தப் பெற்றோரும் விரும்பமாட்டார்கள். அவர்கள் விரும்புவது வைகறையை. அந்த வைகறை அவர்களுக்கு வந்து சேர்ந்தது பிராகிருதம் பேசியோரின் வாயிலிருந்தும், பின்னர்ப் போஜ்புரியும் அவதியும் மைதிலியும் பேசியோரின் வாயிலிருந்தும். பொருளை உழவரிடம் பெற்றுக்கொண்டு சீட்டைப் பண்டிதர் பெயரில் எழுதுவது என்ன நியாயம்?

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பிராகிருத வடிவத்தில் இருப்பது வகரம்தான். எனவே வகரம் இட்டு எழுதுவதே குற்றம் என்று நான் வாதிடவில்லை. விஹான் எனப் பெயரிட்ட நண்பர்கள் உள்பெட்டியில் வந்து சண்டை பிடிக்க வேண்டியதில்லை. உங்கள் பிள்ளையின் பெயரும் நல்ல பெயரே. ஆனால் வகரத்தை மூலமாகவும் பகரத்தைச் சிதைவாகவும் காட்டி, ஒரு குழந்தையின் ஆவணத்தில் கைவைக்கும் அளவுக்கு அந்தப் பொய் வளர்ந்துவிட்டதே, அதைத்தான் எதிர்க்கிறேன்.

பிஹான் கிராமத்து உச்சரிப்பு என்றாரல்லவா அந்த எழுத்தர்? அந்தக் 'கிராமம்' எவ்வளவு பெரியது என்று பார்ப்போம்.

போஜ்புரியில் பிஹான் என்றால் விடியல். மறுநாள் என்றும் பொருள். 'பிஹான் பயில்' என்றால் விடிந்தது. 'சாஞ்ஜ் பிஹான்' என்றால் அந்தியும் சந்தியும். மைதிலியிலும் மகஹியிலும் அவதியிலும் சத்தீஸ்கரியிலும் இச்சொல் உண்டு. வங்காளத்தில் நாட்டுப்புறப் பாடல்களிலும் கவிதையிலும் வாழ்கிறது. அங்கே ஆண்பிள்ளைக்குப் பெயராகவும் பகரத்தோடேயே வைக்கிறார்கள். நேபாளி மொழிக்கோ அது அன்றாடச் சொல். காத்மாண்டுவில் ஒருவர் காலை வணக்கம் சொல்ல விரும்பினால் பிஹானியைத் தவிர்க்க முடியாது. ஒரு நாட்டின் தேசிய மொழியில் காலைப் பொழுதுக்கு உரிய பொதுச்சொல், நம் எழுத்தருக்குப் பட்டிக்காட்டுக் கொச்சை!

காலத்தால் பார்த்தாலும் இது நேற்று முளைத்ததன்று. மாலிக் முகம்மது ஜாயசி 1540ஆம் ஆண்டளவில் அவதியில் இயற்றிய பத்மாவத் காப்பியத்தில் பத்மாவதியின் பிறப்பைச் சொல்லும் பகுதியை எடுத்துப் பாருங்கள். ஆறாம் நாள் இரவுக் கொண்டாட்டம் முடிகிறது, பொழுது விடிகிறது, பண்டிதர்கள் வந்து சுவடியைப் பிரித்துச் சாதகம் கணித்துக் குழந்தைக்குப் பெயர் சூட்டுகிறார்கள். 'பொழுது விடிந்தது' என்பதற்கு ஜாயசி ஆளும் சொல் பிஹான். சூஃபி மரபைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் கவிஞர் ஒரு பெயர்சூட்டும் காட்சிக்கே இச்சொல்லைக் கொண்டு வாயில் திறந்துவைத்திருக்கிறார். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் கழித்து அதே சொல்லைப் பெயராகக் கொண்டு வரும் சிறுவனை, பெயரே தவறு என்று வாயிலில் நிறுத்துகிறோம்.

என்னை அதிகம் அசைத்தது வேறொன்று. 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் பிஜித் தீவுக்கு ஏற்றப்பட்டவர்கள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். தொடக்க ஆண்டுகளில் கப்பல் புறப்பட்டது கல்கத்தாவிலிருந்து. ஏறியவர்களில் பெரும்பாலோர் போஜ்புரி, அவதி நிலத்தினர். அவர்களின் மொழிகள் கரும்புக்காட்டில் கலந்து உருவானதே பிஜி இந்தி. இங்குள்ள இந்தியில் 'கல்' என்னும் ஒரே சொல் நேற்றையும் நாளையையும் குறிக்கும். எது என்பதை வினைமுற்றைக் கொண்டு அறிய வேண்டும். பிஜி இந்தியில் அந்தக் குழப்பம் இல்லை. அங்கே கல் என்றால் நேற்று மட்டும்தான். நாளைக்குச் சொல் பிஹான்.

எண்ணிப் பாருங்கள். ஒப்பந்தக் காலம் முடிவதற்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் 'நாளை' என்று சொல்ல வாய் திறந்தபோதெல்லாம் வந்த சொல் இது. 1903 முதல் சென்னைத் துறையிலிருந்தும் கப்பல்கள் போயின. தமிழரும் தெலுங்கரும் போனார்கள். பாரதி கண்ணீரோடு பாடிய அந்தக் கரும்புத் தோட்டங்களில் நம்மவரின் வழித்தோன்றல்கள் தாய்மொழியைப் பெரிதும் இழந்து பிஜி இந்திக்கு மாறினார்கள். ஆகவே அங்கே ஒரு தமிழ்க் குடும்பத்தின் பேரப்பிள்ளை இன்று நாளையைப் பற்றிப் பேசினாலும் பிஹான் என்றே சொல்கிறது. இச்சொல்லைக் கடல் கடத்தியது எந்த வேதபாடசாலையும் அன்று, கூலிக்காரர்கள்.

விடியல் எப்படி நாளை ஆகும் என்று தமிழரிடம் விளக்கத் தேவையில்லை. 'விடிஞ்சா கல்யாணம்' என்று நாம் சொல்வதில்லையா? அங்கே விடிவது பொழுது, குறிப்பது மறுநாள். நம் மொழியில் விடியலுக்கு விடுதலை என்னும் பொருளும் ஏறியிருக்கிறது, விடியாமூஞ்சி என்னும் வசையும் இருக்கிறது. ஒரு சொல் மக்களின் வாயில் நெடுங்காலம் கிடந்தால்தான் இப்படியெல்லாம் கிளைக்கும். பிஹானுக்கு அந்தக் கிளைகள் இருக்கின்றன. பெயர்த்தளத்தின் விஹானுக்கு ஒரே ஒரு வரிப் பொருள்தான் இருக்கிறது.

2022 செப்டம்பரில் ஏர் இந்தியா தன் ஐந்தாண்டு மறுசீரமைப்புத் திட்டத்துக்கு விஹான் டாட் ஏஐ என்று பெயரிட்டது. புதிய யுகத்தின் விடியலைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல் என்றே அப்போதும் விளக்கம் தரப்பட்டது. அதே நாட்டில், சத்தீஸ்கரின் ஊரக வாழ்வாதார இயக்கம் கிராமப் பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்கான பணியைப் பிஹான் என்னும் பெயரில் நடத்துகிறது. ஒரே சொல். வானத்தில் பறக்கும்போது வகரம் பெற்றுச் சமஸ்கிருதமாகிறது. வயல்வரப்பில் நடக்கும்போது பகரத்தோடு வட்டார வழக்காகிறது. மொழியியல் வகுப்பில் சமூக மதிப்பு என்னும் தலைப்பை நடத்துவோர்க்கு இதைவிடச் சுருக்கமான எடுத்துக்காட்டு கிடைக்காது.

இவ்வளவையும் ஒரு கருத்தரங்க இடைவேளையில் சொன்னபோது மூத்த பேராசிரியர் ஒருவர் சிரித்தார். 'எல்லாம் ஒரே வேர்தானே அப்பா? விபாதமும் பிஹானும் உறவு என்று நீயே ஒப்புக்கொள்கிறாய். பிறகு சமஸ்கிருதம் என்று சொன்னால் என்ன குடி முழுகிவிடும்?'

உறவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உறவு வேறு, உடைமை வேறு. பாட்டிக்கும் பேத்திக்கும் முகச்சாயல் இருக்கிறது என்பதற்காகப் பேத்தி கட்டிய வீட்டைப் பாட்டி பெயரில் பதிவு செய்வாரா எவரும்? அந்த ஒப்புமையும் முழுவதும் சரியன்று. பிராகிருதங்கள் செம்மைப்படுத்தப்பட்ட சமஸ்கிருதத்தின் நேரடிப் பிள்ளைகள் என்பதையே மொழியியலர் ஏற்பதில்லை. பழைய இந்தோ ஆரியப் பேச்சுவழக்குகள் பலவற்றிலிருந்து அவை கிளைத்தன, அவ்வழக்குகளுள் ஒன்று இலக்கணம் பெற்றுச் சமஸ்கிருதமாக நிலைத்தது என்பதே பொதுவாக ஏற்கப்படும் கருத்து. போகட்டும், பேராசிரியரின் தர்க்கத்தையே எடுத்துக்கொள்வோம். இத்தாலியரின் சொல் ஒவ்வொன்றையும் இலத்தீன் என்று அகராதியில் எழுதினால் ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஏற்குமா? அங்கே பிழையாவது இங்கே மட்டும் பெருந்தன்மையாவது எப்படி?

குடி முழுகுமா என்று கேட்டார். முழுகிக்கொண்டுதான் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி போஜ்புரி என்று சொன்னவர்கள் ஐந்து கோடிக்கு மேல். அவர்கள் அனைவரும் இந்தி என்னும் தலைப்பின் கீழேயே கூட்டப்பட்டார்கள். இந்தியின் 52 கோடிக் கணக்கில் அவர்களும் அடக்கம். அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் 22 மொழிகள் உள்ளன. 2003ஆம் ஆண்டின் 92ஆம் திருத்தம் மைதிலியைச் சேர்த்தது. போஜ்புரி இன்னும் வெளியே நிற்கிறது. எண்ணிக்கையில் அவர்களை இந்தி எடுத்துக்கொண்டது, சொல்லிலோ சமஸ்கிருதம் எடுத்துக்கொள்கிறது. இடையில் போஜ்புரிக்காரருக்கு மிஞ்சுவது 'கிராமத்து உச்சரிப்பு' என்னும் பட்டம். ஐந்து கோடிப் பேர் தங்கள் வாயைப் பற்றித் தாங்களே வெட்கப்படும்படி செய்வது சிறிய காரியமா? என் தட்டில் ரொட்டியை வைத்துக்கொண்டே அந்தத் தகப்பன் கேட்ட கேள்வியில் இருந்தது அதுவே.

இதுவரை படித்துக் கைதட்டத் தயாராகும் தமிழ் நண்பர்களுக்கும் ஒரு சொல். நம் மேடைகளில் 'இந்தி விழுங்கிய மொழிகள்' என்று போஜ்புரி, அவதி, மைதிலி, மகஹி எனப் பட்டியல் ஒலிக்கிறது. நியாயமான பட்டியல். ஆனால் அப்பட்டியலை ஒப்பிப்போரில் எத்தனை பேருக்குப் போஜ்புரியில் ஒரு சொல்லாவது தெரியும்? சென்னையில் ஒருவர் மகனுக்கு விஹான் என்று பெயர் வைத்தால், அதன் கீழே 'சமஸ்கிருதப் பெயர் எதற்கு? தமிழில் பெயர் இல்லையா?' என்று முதல் கண்டனம் வந்து விழுகிறது. தமிழில் பெயர் வையுங்கள் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கதிரும் முகிலும் பரிதியும் எனக்கும் பிடித்த பெயர்களே. ஆனால் சமஸ்கிருதம் என்று திட்டும்போது, எழுத்தரின் கைப்பேசி சொன்ன அதே பொய்யை நீங்களும் வழிமொழிகிறீர்கள். எதிர்ப்பவரும் ஆதரிப்பவரும் ஒரே தவறான பட்டயத்தில் கையெழுத்திட்டால் அது செல்லுபடியாகிவிடும். சொற்களை வகைப்படுத்திய தொல்காப்பியர் வடசொல்லைத் தனியாகவும் திசைச்சொல்லைத் தனியாகவும் வைத்தார். வடக்கிலிருந்து வருவதெல்லாம் வடசொல் என்று அவர் சொல்லவில்லை. அந்த வேறுபாட்டை இழந்தது நாம்தான்.

திருப்பூரிலும் சென்னைக் கட்டுமானத் தளங்களிலும் இச்சொல்லைப் பேசுவோர் ஆயிரக்கணக்கில் நம்மிடையே வேலை செய்கிறார்கள். அவர்களை 'இந்திக்காரன்' என்னும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டுப் போகிறோம். அவர் காலையில் எழுந்து பேசும் முதல் சொல்லை ஒருமுறையாவது கேட்டிருந்தால், பெயர்த்தளத்தின் முதல் வரியே பொய் என்று நாம் பிடித்திருப்போம். காசிக்கு வந்து ஆறாண்டு ஆகியும், தோழர் கேட்கும்வரை நானும் பிஹான் என்பதை ஒரு பெயராக நின்று கவனித்ததில்லை. இதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். காலை ஐந்தரை மணிக்குத் தேநீர்க் கடையில் இச்சொல் என் காதில் நூறுமுறை விழுந்திருக்கும். நான் அப்போதெல்லாம் ஆய்வேட்டுக்கு மேற்கோள் தேடிக்கொண்டிருந்தேன்.

இனி அந்தப் பையனின் நிலைமை. பெயர் என்பது உணர்ச்சி மட்டுமன்று, ஆவணமும்கூட. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துக்கு 2023இல் வந்த திருத்தத்தின்படி, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் வாக்காளர் பட்டியல் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆவணம். இந்தப் பையன் அதற்கு முன்பே பிறந்துவிட்டான். ஆனாலும் நாளை உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் ஒரு தாளில் பிஹான், ஒரு தாளில் விஹான் என்று நிற்கும். வங்கிக் கணக்கு ஒரு பெயரில், மதிப்பெண் பட்டியல் மற்றொரு பெயரில் இருக்கும். ஓரெழுத்து வேறுபாட்டுக்காக உறுதிமொழிப் பத்திரம், நோட்டரி, அலைச்சல். படித்த குடும்பம் இதையெல்லாம் ஒரு நாளில் முடித்துக்கொள்ளும். தினக்கூலிக்காரர் ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலியை இழப்பார். அவருக்கு எளிய வழி என்ன? பள்ளி எழுதியதே சரி என்று ஒத்துக்கொண்டு பிறப்புச் சான்றிதழையே மாற்றிவிடுவது. உண்மையில் அந்த எழுத்தர் அவருக்குச் சொன்ன யோசனையும் அதுவே.

தோழர் அதற்குச் சம்மதிக்கவில்லை. நாங்கள் இருவரும் சென்ற திங்களன்று பள்ளிக்குப் போனோம். ஒரு பக்க அளவில் விண்ணப்பம் எழுதி, பிறப்புச் சான்றிதழின் நகலோடு, இந்தி அகராதியில் பிஹான் பதிவாகியுள்ள பக்கத்தின் நகலையும் இணைத்திருந்தேன். எழுத்தர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். நான் ஹகரம், பகரம் என்று ஆரம்பித்ததைப் பாதியில் நிறுத்தி, தலைமையாசிரியர் விடுப்பில் இருக்கிறார், அவர் கையெழுத்து வேண்டும் என்றார். எப்போது வரலாம் என்று தோழர் கேட்டார்.

எழுத்தர் அவர்பக்கம் திரும்பி, அலுவலக இந்தியை விட்டுவிட்டு வீட்டு மொழிக்கு இறங்கி, இயல்பாகச் சொன்னார்: 'பிஹானே ஆவா.'

நாளை வாருங்கள் என்று பொருள். தோழர் என்னைப் பார்த்தார். நான் எழுத்தரைப் பார்த்தேன். தாம் சொன்னது என்ன என்று அவருக்கு உறைக்க ஒரு கணம் பிடித்தது. பிறகு மூவரும் சிரித்துவிட்டோம்.

மறுநாள் போனோம். தலைமையாசிரியர் அன்றும் வரவில்லை. விண்ணப்பம் இப்போது மேசையின் இரண்டாம் அடுக்கில் இருக்கிறது. வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்று தோழருக்குக் காலை முறை வேலை என்பதால் நான் மட்டும் போகிறேன்.

இதற்கிடையே பெயர்நூல் தொகுக்கும் நண்பர்கள், ஆய்வாளர்கள், தளம் நடத்துவோர் எவரேனும் இதைப் படித்தால், அடுத்த பதிப்பில் இப்படி ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வியாழனன்று எடுத்துப் போக எனக்கும் உதவும்:

பிஹான் (விஹான் எனவும் வழங்கும்): ஆண்பாற் பெயர். போஜ்புரி, அவதி, மைதிலி, மகஹி, சத்தீஸ்கரி, வங்காளம், நேபாளி. விடியல், காலை, நாளை.